டான்யூப் கரையில் பாசாவ் முதல் வியன்னா வரை: சைக்கிளா, நடையா?

ஐரோப்பாவில் ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு அநேகமாக முதலில் சொல்லப்படும் தடம் பாசாவ்–வியன்னா. ஜெர்மனியின் தென்கிழக்கு ஓரத்தில், இன், இல்ஸ் என்ற இரண்டு ஆறுகள் டான்யூபில் வந்து சேரும் ஊர் பாசாவ். அங்கே தொடங்கி ஆஸ்திரியத் தலைநகர் வரை சுமார் 320 கிலோமீட்டர். சைக்கிள்காரர்களிடம் இந்தத் தடம் பல பத்தாண்டுகளாகப் பிரபலம். நடப்பவர்களுக்கும் இதே பள்ளத்தாக்கில் குறியிட்ட நெடும்பாதைகள் இருக்கின்றன. எதில் போவது என்று குழம்புகிறவர்கள் லீவு எத்தனை நாள், செலவு எவ்வளவு, உடம்பு தாங்குமா என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இவை இரண்டும் ஒரே பாதை அல்ல. சைக்கிள் பாதை தண்ணீரை ஒட்டிக் கீழேயே போகிறது. நடைபாதை பெரும்பாலும் மலைமேல் ஏறி, ஆற்றை மேலிருந்து பார்த்தபடி போகிறது. இந்த இரண்டு பயணங்களிலும் பார்க்கக் கிடைக்கும் ஆறு வேறு வேறு.

சைக்கிள் பாதையின் சுகத்துக்குக் காரணம் குதிரைகள். அந்தக் காலத்தில் சரக்குப் படகுகள் வியன்னா பக்கம் நீரோட்டத்தோடு தாமாகப் போய்விடும். எதிர்த்திசையில் வர, கரையில் குதிரைகளைப் பூட்டிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அந்தக் குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதையின் மேல்தான் இன்றைய சைக்கிள் தடத்தின் பெரும்பகுதி ஓடுகிறது. அதனால் மேடு பள்ளம் மிகக் குறைவு. கடல் மட்டத்திலிருந்து பாசாவ் சுமார் 300 மீட்டர் உயரம், வியன்னாவில் ஆறு சுமார் 160 மீட்டர்; வழி நெடுக மெல்லிய இறக்கம்தான். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் பாசாவிலிருந்து கிளம்புவதே நல்லது. வியன்னாவிலிருந்து கிளம்பினால் இறக்கம் ஏற்றமாகிவிடும், முகத்தில் எதிர்காற்றும் சேரும்.

கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் நட்டிருப்பார்கள். டான்யூபில் தூரத்தைக் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாசாவில் 2226 என்று இருக்கும் எண், நீங்கள் மிதிக்க மிதிக்கக் குறைந்து, வியன்னாவில் 1929 பக்கம் வந்துவிடும். அங்கிருந்தும் கடல் இன்னும் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

நடப்பவர்களுக்கு இரண்டு பெரிய பாதைகள். பாசாவிலிருந்து லின்ஸ் வழியாகக் கிரைன் பக்கம் வரை, இரு கரைகளிலுமாகச் சேர்த்துச் சுமார் 450 கிலோமீட்டர் ஓடும் டோனாவ்ஷ்டைக் ஒன்று. அதற்குக் கீழே வாஹாவ் பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் 180 கிலோமீட்டர் உலகப் பாரம்பரியப் பாதை இன்னொன்று. இரண்டுமே 2010-இல் திறக்கப்பட்டவை. நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தாலும் முதல் பாதைக்கு மட்டுமே மூன்று வாரம் போய்விடும். சைக்கிளில் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் என்பது அவசரமில்லாத வேகம். ஒரு வாரத்துக்குள் வியன்னா வந்துவிடும்.

சிலர் நடைப்பயணத்தையும் சீக்கிரம் முடிக்கலாம் என்று சைக்கிள் பாதையிலேயே நடக்கக் கிளம்புகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நேரான தார்ப்பாதை, நிழல் குறைவு, பின்னாலிருந்து நிமிடத்துக்கொரு மணியோசை. மதியத்துக்குள் உள்ளங்கால் எரிய ஆரம்பித்துவிடும். சைக்கிள் வேகத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும் கரை, நடை வேகத்தில் மணிக்கணக்காக அப்படியே நிற்கும். நடப்பது என்று முடிவெடுத்தால் மலைக்கு ஏறிவிடுங்கள்.

ஏன் ஏற வேண்டும் என்பதற்கு ஷ்லோகென் வளைவு ஒன்றே போதும். பாசாவிலிருந்து கீழே வரும் ஆறு அந்த இடத்தில் கடினமான கருங்கல் மலையில் முட்டி, அதைச் சுற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. சைக்கிளில் போகிறவருக்குக் கீழே தெரிவது காடும் தண்ணீரும், அடுத்தடுத்த திருப்பங்களும்தான். அழகுதான், ஆனால் என்ன நடக்கிறது என்று புரியாது. ஷ்லோகெனில் சைக்கிளைப் பூட்டிவிட்டு வேர்களும் கற்களும் நிறைந்த காட்டுப்பாதையில் அரைமணி ஏறினால், மேலே பாறை விளிம்பிலிருந்து முழு வளைவும் ஒரே பார்வையில் விரியும். மலை எவ்வளவு பிடிவாதமாக நின்றிருக்கிறது, ஆறு எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். அந்த அரைமணியை மிச்சம் பிடித்து யாரும் எதையும் சாதிக்கப்போவதில்லை. வடகரையில் வருபவர்கள் கவனிக்க: இந்த வளைவுக்குள் சைக்கிள் பாதை அறுந்துபோகும், படகில்தான் தாண்ட வேண்டும். தென்கரைப் பாதை அறுபடாமல் போகும்.

லின்ஸ் தாண்டியதும் நிலம் அகன்று சமவெளியாகிறது. சோளக்காடு, கிராமம், மறுபடி சோளக்காடு. இந்தப் பகுதியில் யோசிக்கவே வேண்டாம், சைக்கிள்தான். ஆனால் நடுவில் மவுத்ஹவுசன் இருக்கிறது. ஆற்றோரமே போனால் நாஜி வதைமுகாமைத் தொடாமல் ஊரைக் கடந்துவிடலாம். பலர் அப்படித்தான் கடக்கிறார்கள். முகாம் குன்றின்மேல் இருக்கிறது, ஏற்றம் செங்குத்து. 1938-இல் தொடங்கிய அந்த முகாமிலும் அதன் கிளைகளிலுமாக ஏறத்தாழ 1,90,000 பேர் அடைபட்டார்கள்; குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். கருங்கல் குவாரியிலிருந்து கைதிகள் முதுகில் கல் சுமந்து ஏறிய 186 படிகள் இன்றும் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்குங்கள். சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஏறிப் பாருங்கள்.

கிரைனுக்குக் கீழே பள்ளத்தாக்கு மறுபடி இறுகுகிறது. முன்பு சுழல்களால் படகோட்டிகள் அஞ்சிய இடம் இது. பாறைகளை வெடிவைத்து அகற்றி, பிறகு கீழே அணையும் கட்டிய பின் தண்ணீர் அடங்கிவிட்டது. இங்கே சைக்கிளுக்கு அமைதியான தென்கரையே மேல்.

அப்புறம் வாஹாவ். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 2000-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பகுதி. மெல்க் மடத்தை முன்னால் பார்த்துவிட்டுக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கிரெம்ஸில் இருக்கலாம். மொத்தத் தடத்திலும் இப்படித் தாண்டிப் போகக் கூடாத ஒரு பகுதி இருக்கிறதென்றால் அது இதுதான். மலைச்சரிவு முழுக்கக் காரை பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், அவற்றுக்கு நடுவே படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். இந்தச் சுவர்களைக் கீழே சாலையிலிருந்து பார்த்தால் மலையில் கீறிய கோடுகள் மாதிரி தெரியும். ஸ்பிட்ஸ், வைசென்கிர்ஷென், டூர்ன்ஷ்டைன் என்று மேலே நடந்து போகும்போதுதான் ஒவ்வொரு சுவரும் இடுப்புயரமோ ஆளுயரமோ இருப்பதும், யாரோ கையால் அடுக்கி இன்னமும் பழுதுபார்த்துவருவதும் தெரியும். டூர்ன்ஷ்டைன் ஊருக்கு மேலே பாழடைந்த கோட்டை ஒன்று நிற்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192-93 குளிர்காலத்தில் டூர்ன்ஷ்டைனில்தான் சிறைவைத்திருந்தார்கள்.

கரை விஷயத்தில் என் தேர்வு பலருக்கு மாறாக இருக்கலாம். புகழ்பெற்ற ஊர்களெல்லாம் வடகரையில் இருப்பதால் சைக்கிள்காரர்கள் கூட்டமும் கார்ச் சாலையின் இரைச்சலும் அங்கேதான். நான் தென்கரையில் ஓட்டச் சொல்வேன். ஆப்ரிகாட் தோப்புகளுக்கு நடுவே போகும் பாதை, எதிரே ஆற்றுக்கு அப்பால் டூர்ன்ஷ்டைன் மடத்தின் நீலக் கோபுரம். ஊருக்குள் போக வேண்டும்போது படகில் தாண்டிக்கொள்ளலாம்.

அந்தப் படகே தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஸ்பிட்ஸில் ஓடும் படகைச் செலுத்த எஞ்சின் தேவையில்லை. இரு கரைகளுக்கும் இடையே உயரத்தில் ஒரு இரும்பு வடம். அதில் உருளும் கப்பியிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாகப் பிடிக்கிறார். ஓடிவரும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, காரும் சைக்கிளும் ஏற்றிய படகு அக்கரை போய்ச் சேர்கிறது. தண்ணீர் அடிப்பக்கத்தில் மோதும் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. லின்ஸுக்குச் சற்று மேலே ஒட்டென்ஸ்ஹைமிலும் இதே முறைதான்.

கிரெம்ஸுக்குப் பிறகு வியன்னா வரை நடப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சைக்கிளில் போகிறவர் தென்கரையில் ட்ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையத்தை ஒட்டிப் போவார். முழுதாகக் கட்டி முடித்த நிலையம். 1978 நவம்பர் 5-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் ஒரு நாளும் ஓடவில்லை. இதற்காகவே இந்தப் பகுதியில் தென்கரையை எடுங்கள்.

வெள்ளம் என்று வந்தால் நடைபாதை ஜெயித்துவிடும். சைக்கிள் பாதை ஆற்றின் மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. 2013 ஜூனில் பாசாவில் தண்ணீர் 12.89 மீட்டர் மட்டம் வரை ஏறியது, ஐந்நூறு ஆண்டுகளில் காணாத அளவு. 2024 செப்டம்பரிலும் வியன்னாவைச் சுற்றியுள்ள கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் பெருவெள்ளம். நகரசபைக் கோபுரத்தில் பொறித்திருக்கும் வெள்ளக் குறிகளைப் பாசாவில் கிளம்பும் முன் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கனமழை அறிவிப்பு இருந்தால் கரைப்பாதையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மூட்டைச் சுமை இரண்டு பேருக்கும் ஒரு பிரச்சினை இல்லை. விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை இரண்டு வகைப் பயணத்துக்கும் உண்டு. சாப்பாட்டில் சைக்கிள்காரருக்கு வசதி அதிகம், சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வந்துவிடும். மலைமேல் நடப்பவர் மதியத்துக்கு ரொட்டியும் தண்ணீரும் கட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைப்பது இருவருக்கும் அவசியம். சைவக்காரர்களுக்குப் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற வேகவைத்த மாவுத்துண்டுகள் எங்கும் கிடைக்கும். ஜூலையில் போனால் முழு ஆப்ரிகாட்டை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்குச் சொந்தம் என்றே சொல்லலாம், உள்ளே புளிப்பு மட்டும் கூடுதல்.

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது, முதல் தடவை போகிறீர்கள் என்றால் சைக்கிள் எடுங்கள்; ஆனால் ஷ்லோகெனுக்கு அரை நாள், வாஹாவில் நடக்க ஒரு முழு நாள் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு வாரம் இருந்து, நடப்பதில் விருப்பமும் இருந்தால், முழுத் தடத்துக்கும் ஆசைப்படாமல் வாஹாவ் சுற்றுப்பாதையை மட்டும் நிதானமாக முடிக்கலாம். பாசாவில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து வியன்னாவில் ஒப்படைக்கும் வசதி இருக்கிறது. சொந்த சைக்கிளோடு திரும்புவதானால் ரயிலில் அதற்குத் தனி டிக்கெட் வேண்டும், தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். கோடையில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் கிளம்பும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.