லீக்-ஆஃப் சோதனையா, ஃபிட் சோதனையா? கேசிங் அடியில் எதை நம்புவது

எண்ணெய்க் கிணற்றில் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயான கேசிங்கை இறக்கி சிமென்ட் போட்டதும், அடிமுனையைத் துளைத்து மூன்று முதல் ஆறு மீட்டர் வரை புதுப் பாறைக்குள் போவார்கள். அந்தப் பாறை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தெரியாமல் மேற்கொண்டு தோண்டுவது ஆபத்து. துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் திரவமான சேற்றின் அடர்த்தியை எதுவரை ஏற்றலாம், கீழிருந்து வாயு பாய்ந்தால் கிணற்றை மூடி எவ்வளவு அடக்கலாம் என்ற இரண்டுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

லீக்-ஆஃப் சோதனையில் கிணற்றின் வாயை மூடி, சிமென்ட் பம்பால் நிமிடத்துக்குக் கால் பேரல், அரை பேரல் என்று மெதுவாகச் சேற்றை ஏற்றுவார்கள். அழுத்தம் நேர்கோட்டில் உயரும். கோடு வளையும் இடத்தில் பாறை சேற்றை உள்வாங்கத் தொடங்குகிறது. 2,000 மீட்டர் செங்குத்து ஆழம், சேற்றின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.20 மடங்கு, வளைவு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தத்தில் என்றால், பாறை தாங்கும் எல்லை சேற்றடர்த்தியாகச் சொன்னால் 1.60. பின்னர் சேற்றை 1.40 ஆக்கினால், கிணற்றை மூடும்போது மேலே அனுமதிக்கக்கூடிய அழுத்தம் 40 கிலோவாகச் சுருங்கிவிடும்.

ஆனால் வளைவெல்லாம் பாறையின் பேச்சல்ல. சிமென்ட்டில் வழி விட்டிருந்தாலும், மணற்பாறை சேற்றை உறிஞ்சினாலும் கோடு வளையும். சோதனையை இறுகிய களிப்பாறையில் வைத்தால் கோடு தெளிவாகக் கிடைக்கும்.

ஃபிட் (FIT) சோதனை, அதாவது பாறையின் உறுதியைப் பார்க்கும் சோதனை, முன்பே குறித்த அழுத்தம் வரை ஏற்றி, அங்கேயே நிறுத்திப் பிடித்துப் பார்க்கிறது. பாறைக்குச் சேதமில்லை. ஆனால் "குறைந்தது இவ்வளவு தாங்கும்" என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை. இந்த எண்ணையும் லீக்-ஆஃப் எண்ணையும் அறிக்கையில் ஒரே தலைப்பின் கீழ் எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அடுத்த கிணற்றை வடிவமைப்பவர் அதைப் பாறையின் எல்லை என்றே எடுத்துக்கொள்வார்.

பாறையை உடைத்து, விரிசல் மூடும் அழுத்தம் வரை அளக்கும் நீட்டித்த லீக்-ஆஃப் சோதனைக்கு நேரம் அதிகம். சேற்றின் அடர்த்திக்கு இடைவெளி மிகக் குறைவான ஆழ்கடல் கிணறுகளில் அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அறியாத பகுதியில் லீக்-ஆஃப்தான் என் தேர்வு. பல கிணறுகள் கண்ட வயலில் ஃபிட் போதும்; ஆனால் அதன் இலக்கு அடுத்த பகுதிக்கான அதிகபட்சச் சேற்றடர்த்தியையும் வாயுப் பாய்ச்சலுக்கான கையிருப்பையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும். எதைச் செய்தாலும், அழுத்தத்தை இறக்கும்போது திரும்பும் சேற்றை அளந்து எழுதுங்கள். ஏற்றியதில் கணிசமான பங்கு திரும்பாவிட்டால், அடுத்த அடி தோண்டும் முன் அது எங்கே போனது என்று தேட வேண்டும்.