முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு: ஈரோட்டுப் பிசியோதெரபி நிலையம் ஒன்றில் ஏழு வாரம்

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளியின் வாலிபால் அணியில் சேர்ந்த அதே ஆண்டில் பேண்ட்கள் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும் அளவுக்கு நெடுநெடுவென வளர்ந்தான். இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே பாக்கு அளவில் ஒரு புடைப்பும் எழுந்தது. படியேறினால் வலி, மண்டியிட்டால் அதைவிட வலி. அவனுடைய அம்மிச்சி விளக்கெண்ணெயைச் சூடாக்கி உருவிவிட்டதில் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "புத்தூர்க் கட்டுப் போட்டுப் பாருங்க" என்றார். எலும்பு மருத்துவரோ எக்ஸ்ரே பார்த்து, முறிவு இல்லை என்று உறுதி செய்து, பன்னீர்செல்வம் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்த நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மையார் எடுத்தவுடனே காலைத் தொடவில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி உண்டா, காய்ச்சல் வந்ததா, முட்டி மடக்கியபடியே சிக்கிக்கொள்கிறதா என்று கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி மருத்துவரிடமே அனுப்பிவிடுவாராம். பிறகு குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் பின்புறமாக மடக்கினார். வலது குதிகால் ஏறக்குறைய புட்டத்தைத் தொட்டது; இடது குதிகால் ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது. "எலும்பு முந்திக்கிச்சுங்க, தசை இன்னும் பின்னாடி வருது" என்றார்.

தொடையின் முன்தசை முழங்கால் சில்லைக் கடந்து, நாணாகத் திரண்டு, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் பற்றியிருக்கிறது. வளரும் வயதில் அந்த மேட்டில் குருத்தெலும்பு இன்னும் முழு எலும்பாகியிருக்காது என்பதால், ஒவ்வொரு தாவலிலும் நாண் அதைப் பிடித்திழுக்க, அது புண்பட்டுப் புடைக்கிறது. 1903இல் அமெரிக்காவின் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் ஷ்லாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்ததால், இருவர் பெயரையும் சேர்த்தே 'ஆஸ்குட்-ஷ்லாட்டர் நோய்' என்று அழைக்கிறார்கள். வளர்ச்சி முடிந்ததும் வலி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கிவிடும். இவ்வளவையும் அவர் என்னிடம் அல்லாமல், பையனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஆட்டத்தையே விடச் சொல்லாததுதான். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். மூன்றைத் தாண்டாமலும் மறுநாள் காலைக்குள் அடங்கியும் இருந்தால் ஆடலாம், மீறினால் தாவலைக் குறைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். தொடைத்தசையை நீட்டும் பயிற்சி தினமும். உருவிவிடுவது கூடவே கூடாது. (அம்மிச்சிக்கு இதில் இன்னும் வருத்தம்.)

குறைகளும் உண்டு. ஒரு முறைக்கு 400 ரூபாய் என்பது நியாயமான கட்டணமே. ஆனால் வரவேற்பில் இருந்தவர் 'கரண்ட் வைக்கும்' பத்து நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும்படி வற்புறுத்தினார். உள்ளே கேட்டபோது, இவனுக்குக் கரண்ட் வேண்டாம், பயிற்சி கற்றுக்கொள்ள நான்கு முறை வந்தால் போதும் என்றார் அந்த அம்மையார். ஒரே நிலையத்துக்கு இரண்டு வாய் இருப்பது சரியல்ல. டோக்கன் இருந்தும் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரமாவது காத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை போகவே வேண்டாம். ஜவுளிச் சந்தைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

ஏழாவது வாரம் அளந்தபோது, சாண் இடைவெளி நான்கு விரலாகச் சுருங்கியிருந்தது. நோட்டில் அன்றைய மதிப்பெண் இரண்டு. வலைக்கு அருகே எகிறிப் பந்தைத் தடுக்க மட்டும் அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை.