ஐப்பசிச் சருகு: மூடாக்கா, மட்குக் குவியலா?

ஐப்பசி பிறந்தால், பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டுக்கு வீடு தோட்டத்தைக் கூட்டி ஒதுக்குவார்கள். கூட்டிய சருகைச் சிலர் கொளுத்திவிடுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எனவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. செடிக்கடியில் மண்ணை மூடும்படி மூடாக்காகப் போடுவதா, குவித்து மட்கவைப்பதா என்பதுதான் கேள்வி.

நான் மூடாக்கு பக்கம். காரணம் காற்று. அக்கம்பக்கத்து மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் இந்த ஐப்பசி மழை ஓய்ந்ததும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று புகுந்துவிடும். மார்கழி, தை முழுக்க அதன் ஆட்சிதான். எங்கள் சித்தூர் வட்டாரத்துக் கரிசல் மழையில் களியாகக் காலைப் பிடிக்கும். இந்தக் காற்றிலோ விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடித்தால் மெல்லிய வேர்கள் அறும், ஊற்றும் தண்ணீரும் வெடிப்போடு இறங்கிப் போகும்.

போன தை மாதம் கறிவேப்பிலைக்கடியில் சருகை விலக்கிப் பார்த்தேன். மண் நனைத்த புட்டு மாவு மாதிரிப் பொலபொலவென்றிருந்தது. வெள்ளை நூலாக வேர்கள் மேலாகவே ஓடியிருந்தன. நாலடி தள்ளி, வெறும் தரையில் களைக்கொத்து இறங்கவே இல்லை.

போடும்போது இரண்டு விஷயம் முக்கியம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மழை முடிவதற்குள் போட வேண்டும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். கறையான் வரும் என்பது மூடாக்கின் நிஜமான குறைதான். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னைக்குச் சருகைவிடத் தேங்காய் மட்டை நல்லது. வட்டப்பாத்தியில் ஒரு மரத்துக்குச் சுமார் 100 மட்டை, முதுகுப்புறம் மேலே தெரியும்படி பரப்ப வேண்டும். குழி வெட்டிப் புதைப்பதானால் நேர்மாறாக, குழிவுப் பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தங்கும்.

சரி, மட்கு வேண்டாமா? காய்கறிப் பாத்திக்கும் தொட்டிக்கும் அதுதான் உயிர். சமையலறைக் கழிவுக்கும் அதுவே வழி. ஆனால் ஐப்பசியில் குழி மட்டும் வெட்டாதீர்கள். கரிசலில் தண்ணீர் வடியாது, உள்ளே காற்றில்லாமல் நாறும். மேடான இடத்தில் குவித்து, ஓலையால் மூடினால் போதும். வெறும் சருகு லேசில் மட்காது. பச்சை இலையும் சாணிக் கரைசலும் சேர்க்க வேண்டும். முருங்கை போன்ற மெல்லிலைகளை இதற்கு வைத்துக்கொண்டு, தடித்த மாவிலை, பலாவிலையை மூடாக்குக்கு அனுப்பிவிடுவேன்.

அப்புறம், தொட்டிகள். மண்தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியே விடும், அதனால் மழைக்காலத்துக்கு அது நல்லது. பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், காற்றுக்காலத்துக்கு உதவும். இப்போதைக்கு பிளாஸ்டிக் தொட்டிகளை இறவாரத்துக்கடியில் நகர்த்தி, துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் மணி பிளாண்டுக்கு மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். கிழக்கு ஜன்னலில் இருந்தால் கார்த்திகைக்குள் இடம் மாற்றிவிடுங்கள். அந்தக் காற்று நேரே பட்டால் இலை நுனி கருகிவிடும்.