பாண் ஓட்டோவுக்கு மெட்டுப் பெட்டி: சிப் செட்டா, மெமரி கார்ட் செட்டா?

இலங்கையின் கிழக்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோர ஊர்களில் மெட்டுப் போட்டுப் பாண் விற்று ஓடும் பாண் ஓட்டோக்களுக்கு இரண்டு விதமான மெட்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்று, மெட்டுப் பதிந்த சின்னச் சிப்பான மூன்று கால் மெலடி ஐசி வைத்த பழைய சிப் செட். மற்றது, மெமரி கார்ட்டும் புளூடூத்தும் உள்ள எம்பி3 செட். புதியது, பளபளப்பானது, நூறு பாட்டுப் போடலாம் என்பதால் இரண்டாவதற்கே ஆசை வரும். ஆனால் ஒழுங்கைக்குள் பாண் விற்க முதலாவதுதான் திறம். காரணம் மெட்டிலேயே இருக்கிறது.

பாண் ஓட்டோ போடுவது பேத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய ‘ஃபூர் எலீஸ்’ மெட்டு. அது அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் அச்சேறியது. இன்று அதற்கு யாருக்கும் உரிமைப் பணம் கட்டத் தேவையில்லை. தைவானின் யூஎம்சி நிறுவனம் தன் யூஎம்66 வரிசை ஐசிகளில் ஒன்றில் அதை ஏற்றியது. நம் நாட்டில் அந்த மெட்டைப் பியானோவில் கேட்டவர்களைவிட பாண் ஓட்டோவில் கேட்டவர்கள்தான் அதிகம். வியாபார அறிவிப்பாகவே வீடுவீடாகப் போய்ப் பிரபலமான இலத்திரனியல் இசை அது. இரண்டு சுரம் கேட்டாலே போதும், பிள்ளைகள் பணிஸுக்குக் காசு கேட்டு நிற்பார்கள்.

அந்த இரண்டு சுரத்தையும் கொஞ்சம் கவனிப்போம். தொடக்கத்தில் மாறி மாறி வருபவை ஏறத்தாழ 659, 622 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை அதிர்வு). ஓட்டோவில் பூட்டும் சின்ன ஹோன் ஸ்பீக்கர் 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் தராது. ஆகவே நல்ல பியானோ ஒலிப்பதிவைத் தேடி எடுத்துப் போட்டாலும், இடது கை வாசிக்கும் 110 ஹேர்ட்ஸ் அடிச்சுரம் ஹோனில் வராது. மெட்டு இடையிடையே அறுந்து கேட்கும். சிப் தருவது சதுர அலை, அதாவது சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் ஒலியலை. அதில் அடிச்சுரத்தோடு அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் சேர்ந்தே வரும்: 659 என்றால் 1977உம் 3295உம். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரைதான். ஹோனும் அந்த இடத்தில்தான் வடிவாகப் பாடும். தகரத்தில் தட்டின மாதிரி இருக்கிறது என்று பலர் குறை சொல்லும் அந்த ஒலிதான், கச்சான் காற்றுக்குள்ளும் அடுத்த ஒழுங்கைவரை போய்ச் சேருகிறது. கூடிய சத்தம் வேறு, தெளிவு வேறு.

சிப் செட் வாங்குவதென்றால் ஐசியின் கடைசி எண்ணைப் பாருங்கள். யூஎம்66டி-19எல் என்பதுதான் நமக்கு வேண்டியது. வெறுமனே மெலடி ஐசி என்று கேட்டால் 08எல் கைக்கு வரலாம், அது பிறந்தநாள் வாழ்த்து. அடுத்து, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்த ஐசிக்கு 1.5 முதல் 4.5 வோல்ட்தான் தாங்கும். ஓட்டோ பற்றரியோ 12 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14க்கும் மேலே போகும். நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வோல்ட்டை 3.3இல் பிடித்துவைக்கும் செனர் டயோடும், பக்கத்தில் 100 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றும் இருக்க வேண்டும். செனர் இல்லாமல் ரெசிஸ்டரை மட்டும் வைத்த பெட்டியை வாங்க வேண்டாம். ஐசி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அந்த ரெசிஸ்டரில் வோல்ட் இறங்காது, ஐசி எரிந்துவிடும்.

ஒலியைப் பெருக்கும் அம்ப் பலகையில் டிடிஏ7297 ஐசி இருந்தால் நல்லது. 6.5 முதல் 18 வோல்ட் வரை தாங்கும், சூடு கூடினால் தானே நின்றுகொள்ளும். பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கும் ‘60 வாட்’ லேபலை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டில் 8 ஓம் ஹோன் ஒன்றுக்கு, ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் அம்ப் ஓட்டும் பிரிட்ஜ் முறையில்கூட, பாட்டுப் போன்ற ஒலிக்கு 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. சதுர அலையை முழு வொலியூமில் விட்டால் 18 வாட்வரை ஏறும். ஹோனின் சுருள் எரிவது அப்போதுதான். ஹோனை 30 வாட் எழுதியதாக எடுத்து, வொலியூமைப் பாதியில் வைத்தால் பல வருடம் நிற்கும். செலவில் கை வைக்கக் கூடாத சாமானும் ஹோன்தான்.

பூட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பழைய ரேடியோ பூட்டிய பழக்கத்தில், ஹோனின் ஒரு வயரை ஓட்டோவின் உடம்பில் முறுக்கி விடுவார்கள். பிரிட்ஜ் அம்பில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும், எதையும் உடம்போடு தொடவிடக் கூடாது. இரண்டையும் அம்ப் வரைக்கும் தனித்தனியே கொண்டுபோங்கள். மின்சாரத்தையும் ஹெட்லைட் வயரில் இருந்து எடுக்காமல் பற்றரி முனையில் இருந்தே எடுத்து, முனைக்குக் கிட்ட 3 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் மெட்டோடு கலந்து வருகிறதென்றால் தொண்ணூறு சதவீதம் இந்த வயரிங் கோளாறுதான்.

மெமரி கார்ட் செட்டில் உள்ள பெரிய தொல்லை அதன் வாய்தான். அநேகமான பலகைகள் ஒவ்வொரு தடவை போடும்போதும் ‘புளூடூத் மோட்’ என்று உரத்துச் சொல்லிவிட்டே பாடத் தொடங்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது பற்றரி வோல்ட் இறங்குவதால் பலகை அணைந்து எழும்பி, திரும்பவும் அதையே சொல்லும். ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறுத்தி எடுக்கும் தொழிலுக்கு இது சரிவராது. குலுக்கத்தில் கார்ட்டின் தொடுமுனையும் தளரும். ‘மாலுபாண், சீனிச்சம்பல் பணிஸ் இருக்குது’ என்று குரலிலும் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் இதை வாங்குங்கள். கார்ட் 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 முறையில் ஃபோமற் செய்ததாக இருக்கட்டும். ஒலிக்கோப்பு மோனோவாக (ஒரே தடமாக) இருக்கட்டும். மெட்டுக்குப் பியானோ ஒலிப்பதிவைப் போடாமல் சிப்பின் ஒலியையே பதிந்து போடுங்கள். கையில் பிடிக்கும் மெகாபோனில் பதிந்து ஓடவிடுவது அவசரத்துக்கு மட்டும்.

எந்தப் பெட்டியானாலும் பாண் அலுமாரிக்குள் வைக்காதீர்கள். சூட்டுப் பாணின் ஆவி பலகையில் நீராகப் படியும், பணிஸ் சீனிக்கு எறும்பு வரும், எறும்பு வொலியூம் கட்டைக்குள் கூடு வைக்கும். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, பலகை நிமிர்ந்து நிற்கிற மாதிரிப் பூட்டுவது நல்லது. கரையோரத்தில் ஓடும் வண்டியென்றால் ஹோன் முனைகளில் பச்சை பூக்கத் தொடங்கும். வயரை ஈயம் பற்றவைத்து, சுருக்குக் குழாய் போட்டு, மேலே கிறீஸ் பூசினால் மாரி தாண்டும். ஹோனின் வாய் முன்னோக்கியும் சற்றுக் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். முன்னோக்கி வைத்தால் வண்டி வருமுன்பே ஆட்கள் காசோடு படலைக்கு வருவார்கள். கீழ்நோக்கி வைத்தால் மழைநீர் உள்ளே தேங்காது.

சுவிட்சைக் கைபிடிக்குக் கிட்ட, கண் பார்க்காமல் தட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். பாங்கு சொல்லும் நேரம், கோயில் பூசை, ஆஸ்பத்திரி வாசல், பாடசாலை மதில் எல்லாம் ஒரே றோட்டில் அடுத்தடுத்து வரும் ஊர்கள் இவை. 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. விடியப்புறம் 5 மணிக்குப் பாண் கொண்டு போகிறவர்கள் அந்த ஒரு மணித்தியாலமும் மெட்டை நிறுத்தியே ஓட வேண்டும்.