ஏஐ உதவியாளருக்குக் கருவிகள் வழங்க ஃபிளாஸ்க்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஏஐ உதவியாளர் நம் தரவுத்தளத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமானால், அதற்குத் தேவையான கருவிகளை நாம்தான் திறந்துவிட வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) நெறிமுறை இந்த வேலைக்கானது. பைத்தானில் எழுதுவோர் பெரும்பாலும் அதன் அதிகாரபூர்வ எஸ்டிகேவை (ஆயத்த நிரல் தொகுப்பை) எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏசிங்க்ரனஸ் முறையில், அதாவது ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றதைக் கவனிக்கும்படி, கட்டப்பட்டது. நான் பராமரிக்கும் உதிரிபாகக் கிடங்கின் இருப்புக் கணக்கோ பல ஆண்டுகளாக ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில், முழுக்க சிங்க்ரனஸ் (ஒன்று முடிந்தபின் அடுத்தது என்ற) கோடாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாற்றி எழுதாமல், அதே செயலியில் எம்சிபிக்கு ஒரு வாசல் வைத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தேன். கேட்டவுடன் பதில் தந்து முடிந்துவிடும் கருவிகளுக்கு ஃபிளாஸ்க் தாராளமாகப் போதும் என்பதே என் தீர்ப்பு.

இதற்கு வழிவிட்டது, எம்சிபியின் 2025-03-26 பதிப்பில் வந்த ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி என்ற தொடர்பு முறை. அதற்கு முந்தைய முறையில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஓர் எஸ்எஸ்இ (சர்வரிலிருந்து தொடர்ந்து செய்தி வரும்) இணைப்பைச் சர்வர் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் வொர்க்கருக்கு (சர்வரின் வேலை செய்யும் புராசஸுக்கு) அது கட்டுப்படியாகாது. இப்போது ஒரே முகவரிக்கு போஸ்ட் கோரிக்கை வருகிறது. அதற்கு ஸ்ட்ரீமாக (துண்டு துண்டாகத் தொடர்ந்து) பதில் தரலாம், அல்லது சாதாரண ஜேசானாக ஒரே தடவையில் தந்து முடித்துவிடலாம், செஷன் எண் தருவதும் கட்டாயமில்லை. ஸ்ட்ரீம் தராத சர்வர் கெட் கோரிக்கைக்கு 405 (இந்த முறைக்கு அனுமதியில்லை) என்று பதில் சொல்ல வேண்டும். ரூட்டைப் போஸ்டுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டால் ஃபிளாஸ்க் அதைத் தானே சொல்லிவிடுகிறது. பதில் எதிர்பார்க்காத அறிவிப்புகள் வந்தால் வெறும் 202 (பெற்றுக்கொண்டேன்) அனுப்பினால் போதும். மீதி இருப்பவை தொடக்க அறிமுகம், கருவிப் பட்டியல், கருவி அழைப்பு ஆகியவைதாம்; என் கோடில் இவை எல்லாம் சேர்ந்து 140 வரிகளைத் தாண்டவில்லை.

உண்மையான உழைப்பு கருவிகளை விவரிப்பதில்தான் இருக்கிறது. முதல் வாரத்தில் கிடங்குப் பொறுப்பாளர் மெயின் குடோனில் அரை இஞ்ச் பித்தளை வால்வு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இருப்பு பார்க்கும் கருவிக்குப் பொருளின் பெயரும் கிடங்குக் குறியீடும் வேண்டும். குறியீடு என்பதை ஸ்கீமாவில் (கருவி ஏற்கும் உள்ளீடுகளின் விவரிப்பில்) வெறும் ஸ்ட்ரிங் என்று மட்டும் நான் எழுதியிருந்ததால், உதவியாளர் 'மெயின் குடோன்' என்றே அனுப்பியது. அப்படி ஒரு குறியீடு இல்லாததால் என் ஃபங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பியது. இருப்பு இல்லை என்று அவருக்குப் பதில் போனது. அவருக்குப் பின்னால் இருந்த ராக்கில் 212 வால்வுகள் இருந்தன. அன்று மாலையே இரண்டு திருத்தங்கள் செய்தேன். மூன்று கிடங்குகளின் குறியீடுகளையும் ஸ்கீமாவில் enum ஆக, அதாவது அனுமதிக்கப்பட்ட மதிப்புகளாக, பட்டியலிட்டேன். தெரியாத குறியீடு வந்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக, 'இந்தக் குறியீடு இல்லை, உள்ளவை இவை' என்ற வாசகத்தை இஸ்எரர் (isError) என்ற பிழைக் குறியுடன் அனுப்பினேன். எம்சிபி செய்திகளின் அடிப்படை வடிவமான ஜேசான்-ஆர்பிசியின் -32602 போன்ற பிழை எண்கள் நெறிமுறை அளவிலான தவறுகளுக்கானவை. கருவி ஓடும்போது நேரும் தவறை இஸ்எரர் வழியாகச் சொன்னால் மாடலே அதைப் படித்து, சரியான குறியீட்டுடன் மறுபடி அழைக்கிறது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்வது மிக அவசியம்.

தமிழில் பெயர்கள் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபிளாஸ்க்கின் ஜேசான் இயல்பாகவே ஆஸ்கி எழுத்துகளை மட்டும் வெளியிடும். 'வால்வு' என்ற சொல்லின் ஒவ்வொரு யூனிகோடு குறியும், யூடிஎஃப்-8இல் 3 பைட்டாகப் போக வேண்டியது, பின்சாய்வுக் கோட்டுடன் 6 பைட்டாகப் போகிறது. பெறுபவர் பக்கம் அது சரியாகவே விரிந்தாலும், பதிலை லாகில் நம் கண்ணால் படிக்க முடியாது. app.json.ensure_ascii அமைப்பை False ஆக்கினால் தமிழ் தமிழாகவே போகும்.

சிங்க்ரனஸ் கோடின் பெரிய வசதி, சைகோபிஜி2 என்ற தரவுத்தள நூலகம் வழியாக ஓடும் என் பழைய வினவல்களில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதே. எஸ்டிகேவின் 1ஆம் வரிசைப் பதிப்புகளில் சாதாரண டெஃப் ஃபங்ஷனைக் கருவியாகப் பதிவுசெய்யலாம். ஆனால் அது எல்லாக் கோரிக்கைகளையும் நடத்தும் ஈவண்ட் லூப்பின் மேலேயே ஓடுவதால், ஒரு வினவல் நான்கு வினாடி எடுத்தால் மற்ற எல்லோரும் அந்த நான்கு வினாடியும் காத்திருப்பார்கள். தனி திரெடுக்கு அனுப்பித் தவிர்க்கலாம்தான், ஆனால் அதை நாம் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். ஃபிளாஸ்க்கை இயக்கும் ஜியூனிகார்ன் சர்வரில் நான்கு வொர்க்கர்கள் ஓடும்போது ஒன்று மாட்டிக்கொண்டாலும் மூன்று வேலை செய்கின்றன.

அதே ஜியூனிகார்னில்தான் எல்லையும் தெரிகிறது. சிங்க் வொர்க்கர் இயல்பாக 30 வினாடிக்கு மேல் ஒரே கோரிக்கையில் இருந்தால் அது நிறுத்தப்பட்டுவிடும். ஆண்டு இறுதி இருப்பு அறிக்கைக்கு 50 வினாடி ஆகும். நேர வரம்பை உயர்த்தலாம். ஆனால் வேலை எவ்வளவு முடிந்தது என்று இடையிடையே தெரிவிக்க ஸ்ட்ரீம் வேண்டும், அந்த நேரம் முழுவதும் ஒரு வொர்க்கர் அதற்கே அடைபட்டுக் கிடக்கும். இங்கே எஸ்டிகே தெளிவாக மேல். டைப் ஹிண்ட்டிலிருந்து (கோடில் எழுதும் தரவு வகைக் குறிப்பிலிருந்து) ஸ்கீமாவைத் தானே உருவாக்குவதும் அதன் பெரிய பலம். அந்த 212 வால்வுகள் மறைந்தது நான் கையால் எழுதிய ஸ்கீமாவில்தான். கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெட்டரைச் சரிபார்ப்பதையும் ஃபிளாஸ்க்கில் நாமே எழுத வேண்டும். வெளியிலிருந்து ஒரு வலைப்பக்கம் உள் நெட்வொர்க்கின் சர்வரை அழைத்துவிடாமல் காப்பது அதுதான் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கருவிகள் பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருக்கிறேன்.

இப்போது எட்டுக் கருவிகள் ஃபிளாஸ்க்கிலேயே இருக்கின்றன. ஆண்டறிக்கைக் கருவியை மட்டும் எஸ்டிகேவில் எழுதிய தனிச் சர்வருக்கு மாற்றிவிட்டேன்.