பேச்சிப்பாறையா, நெய்யாறா? ஒரு நாள் அணைப் பயணத்துக்கு எது பொருந்தும்

காலையில் பேருந்து ஏறி, மலையடியில் விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்து, கொஞ்ச நேரம் படகிலும் இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று குலசேகரம் பக்கம்: பேச்சிப்பாறை அணை, அங்கிருந்து கோதையாறு போகும் பேருந்து, திரும்பும்போது திற்பரப்பு அருவிப் பக்கம் படகு. மற்றது களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் நெய்யாறு அணை. தேக்கடியைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். போகவர நேரத்தைக் கூட்டினாலே ஒரு நாள் கரைந்துவிடும், அதனால் அதை விட்டுவிடலாம்.

என் சாய்வு பேச்சிப்பாறைப் பக்கம். நான் தேர்ந்ததும் அதுவே. ஆனால் படகுச் சவாரிதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு என்று நினைப்பவர்களுக்கு நெய்யாறே சரி. அதில் சந்தேகம் வேண்டாம்.

முதலில் நெய்யாறு. அணை 1958ல் முடிந்தது. அகத்தியமலைத் தொடரிலிருந்து இறங்கும் ஆற்றை மறித்துக் கட்டியது. சுற்றிலும் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம். இங்கே படகு தேக்கத்தின் உள்ளேயே போகிறது. கரைகளில் காடு, நேர் எதிரே மலை, நடுவில் இயந்திரப் படகு. இந்த அனுபவத்தைப் பேச்சிப்பாறை தராது. அணையை ஒட்டிப் பூங்காவும் முதலை வளர்ப்பிடமும் உண்டு. சிங்கத்தைப் பார்க்கலாம் என்று சிறுவர்களை ஆசை காட்டி அழைத்துப் போக வேண்டாம். முன்பு இருந்த சிங்கச் சஃபாரியை மூடிவிட்டார்கள், சிங்கங்கள் இல்லை. தேக்கத்தில் முதலைகள் உண்டு. ஆகவே எங்கும் காலை நனைக்கக்கூட இறங்கக் கூடாது. குளித்தால்தான் பயணம் நிறையும் என்கிற வீட்டுக்கு இந்த ஒரு காரணமே நெய்யாற்றை விலக்கப் போதும்.

வழி இரண்டு. நாகர்கோவில், தக்கலைக்காரர்கள் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்கி, காட்டாக்கடை மாறிப் போகலாம். மார்த்தாண்டம், அருமனைக்காரர்களுக்குப் பனச்சமூடு, வெள்ளறடை, கள்ளிக்காடு வழி பக்கம். இரண்டாவது வழியில் தூரம் குறைவு, ஆனால் மாறும் இடங்கள் கூடுதல். ஒரு பேருந்து தவறினால் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் காத்திருப்பிலேயே போய்விடும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் வழியிலேயே போகட்டும். கேரளப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், பெண்களுக்கும் உண்டு. நம் பக்கம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாலைந்து பெண்கள் இருக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கு நெய்யாறு என்றாலே வேறொரு நினைப்பும் வரும். இடதுகரைச் சானல் என்கிற கால்வாய் வழியாக இந்த அணையின் தண்ணீர் நம் பக்கம் 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டியது. 2004ல் கேரளம் நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நிரம்பி நிற்கும் அந்த அணையைப் பார்க்கும்போது, காய்ந்து கிடக்கும் சானலும் சேர்த்தேதான் நினைவுக்கு வரும்.

இனி பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே கருங்கல்லில் கட்டிய அணை, 1897ல் தொடங்கி 1906ல் முடிந்தது. மூலம் திருநாள் மன்னர் காலத்துத் திருவிதாங்கூர்ப் பணி, பொறியாளர் மிஞ்சின். அணைக்குப் பக்கத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது, ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். நாஞ்சில் நாட்டு வயல்கள் இன்றும் இந்த அணையை நம்பித்தான் இருக்கின்றன.

இந்தப் பயணத்தின் உயிர் அணைக்கட்டில் இல்லை, அதைத் தாண்டிப் போகும் பேருந்தில் இருக்கிறது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வந்து, அங்கிருந்து கோதையாறு மின்நிலையக் குடியிருப்பு வரை போகும் சாலை அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களுக்குள் வளைந்து ஏறி இறங்குகிறது. மரங்களுக்கு இடையே தேக்கத்துத் தண்ணீர் தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வரும். ஏறும்போதே நடத்துநரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு அந்த ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும். மற்ற மாதங்களில் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நீர்ப்பரப்பு அப்போது நன்றாகத் திறந்து தெரியும்.

கோதையாறு போகும் பேருந்துகள் குறைவு. நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலோ குலசேகரத்திலோ முந்தின நாளே நேரம் கேட்டு வைத்துக்கொண்டு, காலையில் போகிற வண்டியையே பிடிக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் இறங்கிச் சுற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மின்வாரியக் குடியிருப்பு, ஆறு, மலை, அவ்வளவுதான். அதே வண்டியில் திரும்பிவிடுவதே நல்லது. அடுத்த வண்டி என்று இருந்துவிட்டால் திற்பரப்பு கைநழுவும். பேருந்து நிற்கும் கீழ்க் கோதையாற்றில் இறங்கி மேல் கோதையாறு அணைக்கு வழி கேட்பவர்கள் அடிக்கடி உண்டு. அது மலைக்கு மேலே, மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக அனுமதி பெற்றுப் போகிற இடம். இங்கிருந்து பொதுமக்களுக்கு வழி இல்லை. 2023ல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டது அந்த மேல்காட்டுப் பக்கம்தான். கீழேயும் யானை நடமாட்டம் உண்டு, தோட்டத்துக்குள் புகைப்படத்துக்காக நடக்க வேண்டாம். மழைக்காலமானால் அட்டையும் ஏறும், உப்பு ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். சாப்பாட்டை மேலே நம்ப முடியாது. குலசேகரத்தில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும், வயிற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம். மேலே போக ஏத்தன்பழமும் (நேந்திரன்) தண்ணீரும் போதும்.

படகு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறைத் தேக்கத்தில் வள்ளங்கள் போய்வருவதைப் பார்க்கலாம். அவை தச்சமலை, தோட்டமலை போன்ற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் போக்குவரத்து. ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நோயாளிகளும் தண்ணீரைக் கடப்பது அதில்தான். காசு கொடுக்கிறேன், ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்பதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அதுவே வழி. அக்கரை முழுக்கக் காடு, உயிர்காப்பு உடையும் இருக்காது.

நம் படகு திற்பரப்பில். அருவிக்கு மேலே தடுப்பணை தேக்கி வைத்திருக்கும் ஆற்றில் மிதிபடகு விடுகிறார்கள். இருபுறமும் மரங்கள், நடுவே அமைதியான தண்ணீர். நெய்யாற்றின் விரிவு இதற்கு இல்லை; அதை மறைக்க முடியாது. ஆனால் நாமே மிதித்துப் போகிற நிதானம், இறங்கியதும் அருவியில் தலையைக் கொடுக்கிற சுகம், இரண்டும் ஒரே இடத்தில் வாய்க்கிறது. படகை முதலில் முடித்துவிட்டுக் குளியலைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஈரத் துணியோடு படகில் உட்கார வேண்டியிருக்காது.

இதெல்லாம் சரியாக அமைவதும் கெடுவதும் ஒரே ஒரு விஷயத்தில்: அணை நீர்மட்டம். பேச்சிப்பாறைத் தேக்கத்தின் அழகு, திற்பரப்புப் படகு, அருவிக் குளியல் மூன்றுமே ஒரே ஆற்றின் தண்ணீர். மேலே கூடினால் கீழே தடை, மேலே குறைந்தால் பார்க்க ஒன்றும் இல்லை. இதைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக மட்டும் கிளம்பிப் போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

பார்ப்பது எளிது. நம் மாவட்ட நாளிதழ்ப் பக்கத்தில் அணைகளின் மட்டம் வருகிறது. பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு அணைகள் இரண்டும் 18 அடி. பட்டியலில் சிவலோகம் என்று போட்டிருந்தால் அது சிற்றாறு 2. பேச்சிப்பாறை 42 அடியைத் தொட்டால் வெள்ள அபாயக் கண்காணிப்பு தொடங்கிவிடும். அதற்கு மேல் எந்த நேரமும் உபரி நீர் வெளியேறும் மறுகாலைத் திறக்கலாம். உபரி நீர் என்று எந்த எண் போட்டிருந்தாலும் அன்று திற்பரப்பில் குளியலும் படகும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் கோதையாற்றில் இறங்கி நேராக அருவிக்குத்தான் வருகிறது. பேச்சிப்பாறை பாதிதான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சிற்றாறு 16 அடியைத் தாண்டி நின்றால் அங்கிருந்து விடும் உபரியும் இதே ஆற்றில்தான் சேரும்.

மட்டத்தோடு மழை அளவையும் பாருங்கள். பேச்சிப்பாறை, சிற்றாறு, சிவலோகம், திற்பரப்பு ஆகிய இடங்களில் முந்தின இரவு கனமழை பதிவாகியிருந்தால், அணை திறக்காவிட்டாலும் ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வரும். அப்போது தடுப்பணையில் படகைக் கட்டிவிடுவார்கள். மலைச்சாலையில் தரைப்பாலத்தைத் தண்ணீர் மூடினால் பேருந்தும் பாதியில் திரும்பும். நீர்வரத்துக் கனஅடி நேற்றைவிட ஒரேயடியாக எகிறியிருந்தால் பயணத்தை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுவதே புத்தி.

மறுபக்கம், 20 அடிக்குக் கீழே போனால் தேக்கம் கரையை விட்டு உள்வாங்கிவிடும். ஜன்னலில் தெரிவது செம்மண் விளிம்பும் சேறும்தான். வழக்கமாகக் கன்னிப்பூ என்கிற முதல் நெல் சாகுபடிக்காக ஜூனில் திறக்கிற அணையை, இரண்டாவது சாகுபடியான கும்பப்பூ முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். பிறகு கோடைமழை வரும் வரை அருவியும் மெலிந்துவிடும். ஆகவே நான் சொல்லும் அளவு 25க்கும் 40க்கும் இடையே, மழை இல்லாமல் இரண்டு நாள் கழிந்த பிறகு. மாதக் கணக்கில் சொன்னால் ஆகஸ்ட், செப்டம்பர். அதை விட்டால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி. சில வருடங்களில் மழை முன்பின்னாக வந்து இந்த மாதக் கணக்கைப் பொய்யாக்கும், அடிக்கணக்கு பொய்யாகாது.

நெய்யாற்றிலும் மட்டம் ஏறினால் ஷட்டரை உயர்த்துவார்கள், காற்றும் மழையும் வலுத்தால் படகை நிறுத்துவார்கள். அங்கே செய்திகளில் மட்டத்தை மீட்டரில் சொல்வார்கள், முழு அளவு 84.75. அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. அணையின் ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அங்கே படகு நின்றால் பயணத்தின் பாதி போய்விடும், கைவசம் பெரிதாக வேறு எதுவும் இருக்காது. நம் பக்கம் திற்பரப்பு தடைப்பட்டாலும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று நாளைத் திருப்பிக்கொள்ளலாம். 1966ல் கட்டிய அந்தப் பாலம் 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் சானல் தண்ணீரைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கொண்டுபோகிறது. மேலே தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அணை திறந்திருக்கும் மாதங்களில் போக வேண்டும். பேச்சிப்பாறைக்கு என் சாய்வு கூடுவதற்கு இந்த மாற்று வழியும் ஒரு காரணம்.

நாள் தேர்வில் இன்னும் இரண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் திற்பரப்பில் நிரம்பிவிடும். அந்த மாதங்களில் செவ்வாய், புதன் போல வார நடுவே போங்கள். மகா சிவராத்திரிக்கு முந்தின நாளும் அன்றும், பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப் போகும் சிவாலய ஓட்டம். திற்பரப்பு மூன்றாவது கோயில் என்பதால் சாலையெங்கும் காவி வேட்டியும் விசிறியுமாக ஓடுவார்கள்; அதைப் பார்ப்பதற்காகப் போகலாம், படகுக்காகப் போகக் கூடாது. நெய்யாற்றுக்கு ஓணம் விடுமுறை அப்படி.

நேரக் கணக்கு இப்படி வைத்தால் இடிக்காது: காலையில் முதலில் கோதையாறு பேருந்து, திரும்பும் வழியில் பேச்சிப்பாறையில் இறங்கி அணை, மதியம் குலசேகரத்தில் சாப்பாடு, இரண்டு மணிக்குள் திற்பரப்பு. வரிசையை மாற்றித் திற்பரப்பில் தொடங்கினால் காலைக் குளிருக்குப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க மறுப்பார்கள், மதியத்துக்கு மேல் கோதையாறு வண்டியும் கிடைக்காது. திற்பரப்பிலிருந்து குலசேகரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் மாலையிலும் பேருந்து உண்டு. நாகர்கோவில் போகிறவர்கள் குலசேகரம் வந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கன்னியாகுமரி, அஞ்சுகிராமம் வரை போக வேண்டியவர்கள் ஐந்து மணிக்கே அருவியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.