மாண்டிஸா, அட்டாஸா: சீன ஆராய்ச்சி மாணவருக்கு எது தேவலாம்?

செமிகண்டக்டரிலோ விமானப் பொறியியலிலோ முனைவர் பட்டத்துக்குப் போகும் சீன மாணவருக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாதுகாப்புச் சோதனை காத்திருக்கிறது. அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இந்தச் சோதனையின் பெயர் 'விசாஸ் மாண்டிஸ்', 1998-இல் தொடங்கியது. தூதரக நேர்காணலுக்குப் பிறகு, பாடம் நாட்டின் பாதுகாப்பைத் தொடும் தொழில்நுட்பம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் கோப்பு வாஷிங்டனுக்குப் போகும். மாணவர் கையில் 221(ஜி) தாள். சட்டப்படி அது மறுப்பு. நடைமுறையில் 'பொறு' என்று அர்த்தம். எதுவரை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2003-இல் சராசரி 67 நாள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே கணக்கிட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் 15 நாளாகக் குறைந்தது. ஆனால் 2018-இல் ரோபோட்டிக்ஸ், விமானவியல் போன்ற துறைகளின் சீன மாணவர்களுக்கு விசாவை ஓராண்டாகச் சுருக்கினார்கள். ஊருக்குப் போனால் திரும்புவதற்குள் மறுபடி அதே வரிசை. 2020-இன் 10043-ஆம் அதிபர் பிரகடனம் வேறு. சீன ராணுவத்தோடு ஒட்டிய நிறுவனத்தில் படித்தவர் என்று முடிவானால், முதுநிலை, ஆராய்ச்சி விசாவுக்குக் கதவே சாத்தப்படும்.

பிரிட்டனின் 'அட்டாஸ்' (2007 முதல்) ஒரு அனுமதிச் சான்றிதழ், விசா விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கி முடிய வேண்டியது. இணையத்தில் விண்ணப்பம், கட்டணமில்லை. வாரக்கணக்கில் இழுக்கும்தான், ஆனால் மறுப்பு வந்தாலும் விசாக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சேரும் தேதி கறாராக இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: பாதியில் ஆய்வுத் தலைப்பை மாற்றினால் புதிய சான்றிதழ் வாங்க வேண்டும்.